ஊசி பாதி, கஷாயம் பாதி?

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தால், வெளியேறிய ரத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உறைந்த கட்டி அக்கம்பக்கத்துத் திசுக்களை நெரிக்கும். அது சிதையும்போது வெளிவரும் இரும்பும் வீக்கமும் மிச்சத்தையும் கெடுக்கும். கட்டியை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், 2005-ல் வெளியான பெரிய ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் உடனடி அறுவை சிகிச்சையால் கூடுதல் பலன் தெரியவில்லை. கட்டியைத் தேடிப் போகும் கருவி, வழியில் நல்ல மூளையையும் காயப்படுத்துகிறதே!

சீனாவில் சிறு துளை வழியைப் பிடித்தார்கள். மண்டையில் துளையிட்டு ஊசியை இறக்கி, யூரோகைனேஸ் செலுத்திக் கட்டியைக் கரைத்து வடிப்பார்கள். அங்கே பல மருத்துவமனைகளில் நவீன மருத்துவமும் பாரம்பரிய மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. குழாயைவிட்டு வெளியேறிய ரத்தம் தேங்கிய ரத்தம், அதைக் கலைக்க வேண்டும் என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. ஊசி வடித்தது போக மீதியை மூலிகை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

அந்த மூலிகைக்கு உண்மையிலேயே வலு உண்டா? குவாங்தோங் மாகாண சீன மருத்துவ மருத்துவமனையினர் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 26 மருத்துவமனைகள், 1,648 நோயாளிகள். ஒரு பாதிக்கு ஜின்செங், ரூபார்ப் உள்ளிட்ட மூலிகைகளின் திரவம். மறுபாதிக்கு மருந்தே இல்லாத, அதைப் போன்ற திரவம். 28 நாள் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் லான்செட் இதழில் முடிவு வந்தது: 90-ஆம் நாளில் இரு தரப்பின் செயல்திறன் மதிப்பெண்ணும் 0.44. கஷாயத்தால் கூடுதல் நன்மை இல்லை.

தங்கள் மண்ணின் மருந்தைத் தாங்களே தராசில் ஏற்றி, தோல்வியை ஒளிக்காமல் அச்சிட்ட அந்த மருத்துவர்களை நான் மனதார மதிக்கிறேன். நம் சித்த மருத்துவத்துக்கும் இந்த நேர்மைதான் வேண்டும்.

சிறு துளை வழியின் கதையும் முழு வெற்றி அல்ல. அதே 2024-ல் அமெரிக்காவில் 300 பேரிடம் நடந்த என்ரிச் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் சிறு குழாய் வழியே கட்டியை உறிஞ்சி எடுத்தவர்கள் மேலாகத் தேறினார்கள். ஆனால், அந்தப் பலன் மூளையின் மேற்பகுதிக் கசிவுகளில்தான் தெரிந்தது. உயர் ரத்த அழுத்தத்தால் அதிகம் வரும் ஆழ்பகுதிக் கசிவில் தெரியவில்லை. ஆக, ஊசியையும் கஷாயத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது என்று சொல்பவர், சேர்த்துச் சோதித்த பெரிய ஆய்வை முதலில் காட்டட்டும்.

அப்படியானால் எதுதான் உதவும்? இந்தியாவும் இலங்கையும் பங்கேற்ற பத்து நாட்டு ஆய்வு ஒன்று 2023-ல் வந்தது. ரத்த அழுத்தத்தைச் சீக்கிரம் இறக்கி, சர்க்கரை, காய்ச்சல் ஆகியவற்றையும் கட்டுக்குள் வைத்தாலே நோயாளிகள் மேலாகத் தேறுகிறார்கள் என்று 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அது காட்டியது.

வீட்டில் யாருக்காவது வாய் கோணி, கை விழுந்தால், தயவுசெய்து வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கசிவு பெருகுவது முதல் சில மணி நேரத்தில்தான்.