ஆலயத்தில் அமைந்த ஆதுலர் சாலை

கேரி தீவிலும் கிள்ளானிலும் நம் இல்லங்களில் இன்றும் உருளைக்கிழங்கை ‘வாயு’ என்கிறோம். இளநீரைக் ‘குளிர்ச்சி’ என்கிறோம். பாட்டிமார் வழிவந்த இச்சொற்களுக்குப் பின்னே மிகப் பழமையான மருத்துவக் கொள்கை ஒன்று உண்டு.

உடலை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் இயக்குகின்றன. அவை மிகினும் குறையினும் நோய் என்பதே அக்கொள்கை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ இதனையே கூறுகிறது. இடைக்கால ஐரோப்பியரும் அரபியரும் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்காகக் கொண்டனர். எண்ணிக்கை வேறாயினும், சமநிலையே நலம் என்பதில் யாவரும் ஒன்றுபட்டனர்.

இக்கொள்கை நடைமுறையில் இயங்கியதைக் காட்டும் கல்வெட்டு ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடல் பெருமாள் ஆலயத்தில் உள்ளது. வீரராசேந்திர சோழன் காலத்தது. ஏறத்தாழ 1068ஆம் ஆண்டினது. ஆலயத்தில் வேதம் பயின்ற மாணவர்க்கும் பணியாளர்க்குமாக 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலர் சாலை அங்கு நடைபெற்றது.

வாதத்திற்குத் தைலம், பித்தத்திற்கு நெய் என்பது ஆயுர்வேத மரபு. கல்வெட்டில் காணும் சுமார் இருபது மருந்துகளிலும் தைலங்களும் நெய்களும் பல. கடுக்காய் சேர்ந்த மருந்துகளும், வில்வம் சேர்ந்த நெய்யும், நாள்பட வைத்த பழைய நெய்யும் அப்பட்டியலில் உள்ளன.

அறம் செய்தோரின் கருத்தூன்றிய கவனம் போற்றத்தக்கது. மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவர்க்கு 30 கலம் நெல்லும் ஒதுக்கினர். மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் ஆகியோரையும் மறந்தாரில்லை. இரவில் எரியும் விளக்கிற்குரிய எண்ணெயையும் கல்லில் பொறித்து வைத்தனர்.

கிருமிகளையும் இரத்த ஓட்டத்தையும் அறிந்த இக்காலத்தில், முக்குற்றக் கொள்கை ஒன்றையே நம்பி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குதல் தகாது. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை மட்டும் நாடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

உடலைப் பற்றிய அறிவு காலந்தோறும் மாறும். நோயுற்றவர் அருகே இரவில் ஒரு விளக்கு எரியவேண்டும் என்று எண்ணிய அந்த உள்ளம் மாறவேண்டியதில்லை. கோபுரத்திற்கு அள்ளித்தரும் நம் கைகள், நோயாளியின் கஞ்சிக்கும் மருந்துக்கும் சிறிது ஒதுக்குமாயின், அதுவும் ஆலயத் திருப்பணியே ஆகும்.