வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எதற்கு? ஷார்லட் மேசன் கல்விமுறை ஒரு பார்வை

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பயிற்றுவிக்கும் பெற்றோரில் ஒரு பிரிவினர், வாரத்தில் ஒரு நாள் மட்டும் அவர்களை ஓர் ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்புகின்றனர். தேவாலயக் கூடத்திலோ, யாரேனும் ஒருவரின் வீட்டிலோ, காணொலி வாயிலாகவோ அவ்வகுப்பு நடைபெறுகிறது. பள்ளியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. இம்முறையை வகுத்த பிரிட்டன் கல்வியாளர் ஷார்லட் மேசனின் வரலாற்றைப் பார்த்தால், இதில் முரண்பாடு ஏதுமில்லை என்பது விளங்கும்.

1842-ஆம் ஆண்டு பிறந்த மேசன், பல ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியவர். பிராட்ஃபோர்டு நகரில் பெற்றோருக்காக அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1886-இல் வீட்டுக் கல்வி குறித்த நூலாக வெளிவந்தன. அடுத்த ஆண்டே அந்நகரில் பெற்றோருக்கான கல்விச் சங்கம் உருவானது. பின்னர் வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகள் சூழ்ந்த ஆம்பிள்சைட் என்னும் சிற்றூருக்குச் சென்ற அவர், 1892-இல் அங்கு ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெண்களை உருவாக்குவதே அதன் நோக்கம். இதனுடன் அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றும் இயங்கியது. ஒவ்வொரு பருவத்துக்கும் நூற்பட்டியலும் பாடத்திட்டமும் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. பருவ இறுதியில் பிள்ளைகளின் தேர்வு விடைகள் ஆம்பிள்சைடுக்குத் திரும்பி வந்தன. இந்தியா உள்ளிட்ட காலனி நாடுகளில் வசித்த பிரிட்டிஷ் குடும்பங்களும் இப்பாடத்திட்டத்தைப் பயன்படுத்தின. ஆக, வீட்டுக் கல்வியை வலியுறுத்திய மேசன், பெற்றோரைத் தனித்து விடவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரையும் பொதுவான பாடத்திட்டத்தையும் அவர்களுக்குத் துணையாக வைத்தார்.

மேசன் 1923-இல் மறைந்த பின் இம்முறை மெல்ல மங்கியது. 1984-இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய நூல் ஒன்றின் வழியாக அமெரிக்க வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களிடையே அது மீண்டும் பரவியது. மேசன் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர். இன்று இம்முறையைப் பின்பற்றுவோரிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. எனினும், சமயப் பாடத்தை விலக்கிவிட்டு இதனைக் கையாள்வோரும் உண்டு.

'உயிருள்ள கல்வி' என்று இதனை ஆங்கிலத்தில் அழைக்கின்றனர். தமிழில் அப்படியே சொன்னால் சற்று விந்தையாகத்தான் ஒலிக்கிறது. பொருள் எளிமையானது. தகவல்களைச் சுருக்கித் தொகுத்த பாடநூலுக்கு மாறாக, ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஒருவர் கதைப்போக்கில் எழுதிய நூலைப் பிள்ளைக்குத் தர வேண்டும். அத்தகைய நூலே உயிருள்ள நூல். வரலாறு, புவியியல், அறிவியல் அனைத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

நூலை வாசிப்பதைக் காட்டிலும் அதன்பின் நிகழ்வதே இம்முறையின் மையம். ஒரு பகுதி ஒரே ஒருமுறைதான் வாசிக்கப்படும். பிறகு பிள்ளை தான் கேட்டதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். சரியான விடையைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு என்பன போன்ற பயிற்சிகள் இல்லை. ஆறு வயதுக்கு முன் இதனைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது மேசனின் கருத்து. பத்து வயது வரை பெரும்பாலும் வாய்மொழியாகவும், அதன்பின் எழுத்திலும் இது தொடரும். சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 15 அல்லது 20 நிமிடங்களுக்கு மேல் நீளாது. பிற்பகல் வெளியில் உலாவவும் கைத்தொழிலுக்கும் உரியது. கண்ட செடியையும் பறவையையும் பிள்ளைகள் இயற்கைக் குறிப்பேட்டில் வரைந்து வைப்பர்.

இத்தகைய பாடத்தைப் பத்துப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் நடத்துவது எளிதன்று. வீட்டில் ஒரே பிள்ளை என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் அதுவே திரும்பச் சொல்லும். வகுப்பிலோ ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே வாய்ப்புக் கிட்டும். எனவே யாரை அழைக்கப் போகிறார் என்பதை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்வதில்லை; எல்லோரும் கூர்ந்து கேட்க வேண்டியதாகிறது. பேசும் பிள்ளை தவறு செய்தாலும் இடையில் குறுக்கிடலாகாது. சொல்லி முடித்த பிறகே மற்றவர்கள் திருத்தலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம். விளக்கிப் பேசிப் பழகிய ஆசிரியருக்கு, பேசாமல் இருப்பதே இங்குக் கடினமான பணி. வாசிப்புக்கும் பிள்ளையின் மனத்துக்கும் இடையில் ஆசிரியர் நிற்கலாகாது என்பதே மேசனின் நிலைப்பாடு.

வகுப்பால் மட்டுமே கிடைப்பவையும் உள்ளன. ஷேக்ஸ்பியர் நாடகத்தைப் பாத்திரம் பிரித்து வாசிக்க நான்கைந்து பேராவது வேண்டும். அயல்மொழியைப் பேசிப் பழகவும், ஆய்வுக்கருவி தேவைப்படும் அறிவியல் சோதனைக்கும், உயர்நிலைக் கணிதத்துக்கும் பல பெற்றோரால் தனித்து ஈடுகொடுக்க இயலாது. நாள் முழுவதும் கற்பிக்கும் தாய்க்குச் சற்று ஓய்வு தேவை என்பதும் வெளிப்படையான காரணமே. ஆனால் வாரத்தில் ஒரு நாள் என்பது மூன்று, நான்கு நாட்களாகி, வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் சேர்ந்துவிட்டால், அது கட்டணம் வாங்கும் சிறு பள்ளியாகிவிடும். நூற்பட்டியல் என்ன, வகுப்பில் எத்தனை பேர், பிள்ளைகள் பேச எவ்வளவு நேரம் என்று சேருமுன் கேட்டறிவது பெற்றோரின் பொறுப்பு. ஏனெனில் இவ்வகுப்புகளுக்குப் பொதுவான அங்கீகாரமோ, ஆசிரியருக்குக் கட்டாயத் தகுதியோ பெரும்பாலும் இல்லை.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்பூர்வமானது. நியூயார்க் போன்ற மாநிலங்கள் கற்றல் அறிக்கைகளைக் கோருகின்றன. டெக்சாஸ் ஏறக்குறைய ஏதும் கோருவதில்லை. கொரோனா பெருந்தொற்றின்போது இக்கல்வி முறையை மேற்கொண்ட குடும்பங்களின் பங்கு, 2020 வசந்த காலத்தில் 5.4 விழுக்காடாக இருந்து அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடாக உயர்ந்தது என அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பின் ஆய்வு தெரிவித்தது.

இந்தியாவில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அக்கடமையை நிறைவேற்றாத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அச்சட்டத்தில் கூறப்படவில்லை. 2012-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு, வீட்டுவழிக் கல்விக்கு இச்சட்டம் தடையில்லை என முதலில் தெரிவித்துப் பின்னர் அந்நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ஆகவே இந்தியாவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்போர், அனுமதியும் தடையும் இல்லாத ஓர் இடைவெளியில்தான் இருக்கின்றனர்.

சான்றிதழைப் பொறுத்தவரை, 14 வயது நிறைந்தோர் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். மேசன் முறையில் வளர்ந்த பிள்ளை, அதுவரை தான் ஒதுக்கி வைத்திருந்த பாடநூலையும் வினா-விடை முறையையும் அப்போது எதிர்கொள்ள நேரும். அதற்கு முன்பே பள்ளிக்குத் திரும்ப விரும்பும் பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு துணை நிற்கிறது: 6 முதல் 14 வயதுக்குட்பட்ட, பள்ளியில் சேராத எந்தப் பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டும் என்று அது கூறுகிறது.