காணவில்லை என்றொரு புகார்

"அதுதான் 377-ஐ எடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன பிரச்சினை?" தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நல்ல மனம் உள்ளவர்களே இப்படிக் கேட்கிறார்கள். வெறுப்பில் கேட்பதில்லை, தெரியாமல் கேட்கிறார்கள். தெரியாமல் கேட்பவருக்குப் பொறுமையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். டீ இன்னும் சூடாக இருக்கிறது, மெதுவாகவே போவோம்.

முதலில் 377. வெள்ளைக்காரர்கள் 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவு அது. இயற்கைக்கு மாறான உறவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்றது. வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் இருப்பதற்கு இது பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2013-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பிறகு 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, இப்படிப்பட்ட உறவு குற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது.

இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். குற்றம் இல்லை என்று ஆனதும் உரிமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் பேரில் போலீஸ் வழக்கு எதுவும் இல்லை என்பதற்காக யாராவது ரேஷன் அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்களா? அதற்குத் தனி விதி, தனி மனு, தனி அலுவலகம் இருக்கிறது. அதேபோல, 377 போனதால் நடந்தது ஒன்றே ஒன்று: சேர்ந்து வாழும் இருவரை அதற்காகவே சிறையில் போட முடியாது. வாடகை வீடு, வாரிசுரிமை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் 'நீங்கள் இவருக்கு என்ன உறவு?' என்ற கேள்விக்கு ஒரு பதில், இவை எதுவும் அந்தத் தீர்ப்போடு சேர்ந்து வரவில்லை. திருமண உரிமை கேட்டுப் போனவர்களுக்கு 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. அதற்கான சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. சற்றுமுன் சொன்ன ரேஷன் அட்டை விஷயத்திலும், இந்த ஜோடிகளை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது 2024-இல்தான்.

இன்னும் ஒரு படி கீழே இறங்குவோம். 377 அமலில் இருந்த காலத்திலும், மனமொத்து வாழ்ந்தவர்கள் அதன்கீழ் தண்டனை பெற்றது மிகக் குறைவு. அந்தப் பிரிவின் வேலை பெரும்பாலும் மிரட்டுவதுதான். அன்றாட வாழ்க்கையை நெரித்த காகிதம் வேறு. 'என் மகளைக் காணவில்லை' என்ற புகார் மனுதான் அது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புகிறாள். வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. ஃபோனைப் பிடுங்குகிறார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இருவரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். பெற்றோர் ஸ்டேஷனுக்குப் போய் மகளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அவள் யாரை விரும்பினாள் என்று அதில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர் பதிவாகிறது. செல்ஃபோன் டவரை வைத்து இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கூட இருந்தவள் மேல் கடத்தல் சந்தேகம் விழுகிறது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, "பெத்தவங்க மனச நெனச்சுப் பாரும்மா" என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கடைசியில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கோப்பு மூடப்படுகிறது. இத்தனை படிகளில் 377 எங்காவது வந்ததா? வரவேயில்லை. அதனால்தான் அது நீங்கிய பிறகும் இந்தப் பாதை அப்படியே திறந்திருந்தது.

சாதி மாறிக் காதலித்தவர்களுக்கும் இந்தப் பாதை நன்றாகத் தெரியும். ஆனால் அவர்களால் ஒரு பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அந்தச் சான்றிதழை இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்ட முடியும். இவர்களுக்கு அந்தக் காகிதமும் இல்லை. திருமணம் என்பது ஆடம்பரக் கோரிக்கை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். திருநம்பிகளும் இதே புகாரில்தான் சிக்குகிறார்கள். திருநர் உரிமைகள் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வேறு தடத்தில் வருகின்றன. அதைத் தனியாக உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

அந்தப் பாதையில் ஒரு தடுப்பை வைத்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இருவீட்டுப் பெற்றோரும் மகளைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தொல்லை தாங்காமல் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர் செய்ததை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்த விஷயம் தனக்கும் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்தார். பெண்களையும் பெற்றோரையும் ஆலோசகரிடம் அனுப்பிப் பேசவைத்தார். இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட மகள் துணையே இல்லாமல் இருந்துவிடுவது மேல் என்பது பெற்றோரின் எண்ணமாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

2021 ஜூன் 7 அன்று உத்தரவு வந்தது. காணவில்லை புகாரை விசாரிக்கும்போது, சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விரும்பிச் சேர்ந்திருக்கும் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். மருத்துவம் செய்து 'மாற்றுகிறேன்' என்று யாரும் கிளம்பக் கூடாது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே எடுத்துவிட்டது. ஆனாலும் அப்படி மாற்ற முயல்வது மருத்துவருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது 2022-இல், இந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது.

அதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு. அடைத்துவைக்கப்பட்டிருக்கும் ஒருவரை எங்கள் முன்னால் நிறுத்துங்கள் என்று நீதிமன்றம் ஆணையிடக் கோரும் மனு அது. 25 வயதுப் பெண் ஒருவரை மீட்கக் கேட்டுப் போட்டவர் அவருடைய துணைவி. தன்னைத் தோழி என்றுதான் மனுவில் எழுதியிருந்தார். நீதிபதிகள் கேட்டபோது அந்த 25 வயதுப் பெண் தயங்காமல் பேசினார்: வீட்டில் அடித்தார்கள், சரியாக்குவதற்குச் சடங்கு செய்தார்கள் என்றார். உதவி கேட்டபோது போலீஸ் அவரைப் பெற்றோருடனேயே அனுப்பியிருந்தது. அவர் விரும்பியபடி போகலாம் என்ற நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை என்றும் சொன்னது. 2021 உத்தரவு வந்து நான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

உங்கள் தெருவில் யாராவது இப்படியொரு புகார் எழுத உங்களைத் துணைக்குக் கூப்பிடலாம். பிள்ளைக்கு 18 தாண்டிவிட்டதா, தானாக விரும்பித்தான் போயிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால், ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு ஒரு ஃபோன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்கச் சொல்லுங்கள்.