சொறி கொட்டினால் சொறியாதே

ஹேவ்லாக் தீவின் எலிஃபண்ட் கடற்கரை. இடுப்பளவு நீரில் முகம் கவிழ்த்துப் பவளப்பாறை பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை உதறுகிறார். முன்கையில் சூடு போட்டதுபோல் ஒரு கோடு. கரையேறுவதற்குள் அது சிவந்து தடித்துவிடுகிறது. உடனே மணலை அள்ளித் தேய்க்கிறார், பிறகு குடிநீர் பாட்டிலைத் திறந்து ஊற்றுகிறார். எரிச்சல் இரட்டிப்பாகிறது. (2018-ல் இத்தீவு சுவராஜ் தீவு ஆகிவிட்டது. பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்.)

பாடநூல் 'இழுதுமீன்' என்று சொல்லும் ஜெல்லி மீனுக்கு நம் கடற்கரை மீனவர்கள் வைத்த பெயர் 'சொறி'. உருவத்தைப் பார்த்து வைத்ததல்ல, பட்டவர் வைத்த பெயர். ஒரே சிக்கல், அந்தச் சொல் ஏவலாகவும் ஒலிக்கிறது. செய்யக் கூடாததும் அதுதான்.

அந்தமான் பாறைகளில் அதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு: நெருப்புப் பவளம். கடுகு மஞ்சள் நிறம், வெளுத்த நுனிகள். பெயரில் பவளம் இருந்தாலும் உண்மையில் ஹைட்ரா என்ற சிற்றுயிருக்குத்தான் நெருங்கிய சொந்தம். முழங்கால் லேசாக உரசினால் போதும்.

இந்தக் குடும்பத்துக்கே உரிய ஆயுதம் கொட்டும் செல். அதற்குள் ஒரு நுண்ணிய பை, பைக்குள் சுருட்டி வைத்த குழல், நுனியில் முள், கூடவே நஞ்சு. பழைய பரதவ மீனவர் வீசிய ஈட்டியான எறியுளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கியது போல. பைக்குள் சுமார் 150 வளிமண்டல அழுத்தம், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல அறுபது எழுபது மடங்கு. ஹைட்ராவின் கொட்டும் செல்லை அதிவேகக் கேமராவில் பிடித்த ஜெர்மன் ஆய்வாளர்கள், முள் வெளிப்பாய 700 நானோ நொடிதான் ஆகிறது என்று 2006-ல் கண்டார்கள். இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. தொட்டாலே செல் தானாக வெடிக்கும். கரையொதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறியும், அறுந்து மிதக்கும் இழையும் கொட்டுவது அதனால்தான்.

தோலில் ஒட்டிய இழையில் இன்னும் வெடிக்காத செல்கள் ஏராளம். மணலால் தேய்த்தால் அழுத்தத்தில் வெடிக்கும். நன்னீர் ஊற்றினால் உப்பின் அளவு மாறி வெடிக்கும். சிறுநீர் வைத்தியத்தைச் சினிமாவுக்கு விட்டுவிடலாம். கடல்நீரால் அலசி, இழை இருந்தால் இடுக்கியால் எடுப்பதே முதல் வேலை.

இழை போனபின், அடுத்தது வெந்நீர். ஆஸ்திரேலியாவில் நீலக்குப்பி என்னும் கடலுயிரி கொட்டிய 96 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் இருந்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது. பனிக்கட்டி ஒத்தடம் வைத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான். நஞ்சிலுள்ள புரதங்கள் சூட்டில் செயலிழப்பது ஒரு காரணம். வெப்பமானி இல்லையென்றால், கொட்டாத கையை முதலில் விட்டுப் பார்த்து, பொறுக்கக்கூடிய சூடு போதும். டீ ஃபிளாஸ்க்கை அப்படியே கவிழ்த்துக் கொப்புளம் வாங்க வேண்டாம். வினிகர் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. பெட்டி ஜெல்லி மீனின் வெடிக்காத செல்களை அது முடக்கும், நீலக்குப்பிக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, முகவீக்கம் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனை.

எரிச்சல் அடங்கிய சில நாள் கழித்து, ஊர் திரும்பிய பிறகு, அதே கோட்டில் சிலருக்கு அரிப்பு கிளம்பலாம். இது நஞ்சின் வேலையல்ல, நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தாமதமாகக் காட்டும் கோபம். அரிப்பு என்பது சொறியத் தூண்டும் உணர்வு என்று 1660-லேயே ஜெர்மன் மருத்துவர் ஹாஃபன்ரெஃபர் எழுதிவிட்டார். சொறியும்போது எழும் சிறு வலி அரிப்பை அமுக்குகிறது, அதில்தான் சுகம். நகம் கிழித்த இடத்தில் கிருமி புகுந்தால் சுகம் போய்ச் சீழ் வரும். இந்தக் கட்டத்தில் குளிர்ந்த ஈரத்துணி இதம் தரும். ஒவ்வாமை மாத்திரையும் களிம்பும் மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியவை.

இது தாமதமான கோபம். உடனே பாய்ந்து உயிரையே பறிக்கும் கோபமும் உடலுக்கு உண்டு. அதை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள ஒரு கடல் பயணம் வழி திறந்தது. 1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் இதே வகை உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பிரான்ஸ் திரும்பி, கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் ஊசியில் பிழைத்த நெப்டியூன் என்ற நாய், 22 நாள் கழித்து மீண்டும் போட்டபோது 25 நிமிடத்தில் செத்தது. இந்தக் கடும் ஒவ்வாமையைக் குறிக்கும் 'அனாஃபிலாக்சிஸ்' என்ற சொல் பிறந்தது அங்கேதான். ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு. ஒருமுறை கொட்டு வாங்கியவருக்கு அது பழகிவிடும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்று அந்த நாய் காட்டியது.

கொட்டு வாங்காமலிருக்க வழி எளிது. கொட்டும் செல்லின் குழல் மிகக் குட்டை, மெல்லிய துணியைத் தாண்டித் தோலை எட்ட முடியாது. ஆஸ்திரேலியக் கடற்கரைக் காவலர்கள் ஒரு காலத்தில் பெண்களின் நீளக் காலுறைகளைக் கைகால்களில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். இப்போது அதற்கென்றே உடலோடு ஒட்டும் முழுக்கை லைக்ரா உடைகள் வந்துவிட்டன. ஹேவ்லாக்குக்குக் கிளம்பும்போது சன்ஸ்கிரீனோடு அதையும் பெட்டியில் வைக்கலாம்.