வைத்தியம் இலவசம், பணிவிடைக்குக் காசு!

இங்கிலாந்து நாட்டில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தால், ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம். படுக்கைக்கும் பணம் இல்லை. டாக்டருக்கும் பணம் இல்லை. 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி முதல் அப்படித்தான்.

அதே மனிதருக்குத் தள்ளாமை வந்து, குளிப்பாட்டவும் உடை மாற்றவும் சோறு ஊட்டவும் ஓர் ஆள் தேவைப்பட்டால்? அது வைத்தியம் அல்ல, பணிவிடை! அதைக் கவனிப்பது அந்த ஊர் கவுன்சில். நம் முனிசிபாலிடி மாதிரி. கவுன்சில்காரர்கள் முதலில் உடம்பைப் பார்ப்பார்கள். அடுத்து பாங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள்.

சேமிப்புக்கு எல்லை

சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவர் தலையில். 14,250-க்குக் கீழே என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள்; பென்ஷன் போன்ற வருமானத்தில் மட்டும் பங்கு கேட்பார்கள்.

நடுவில் இருப்பவர் கதைதான் வேடிக்கை. 14,250-க்கு மேல் உள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாகக் கணக்கு. 18,250 பவுண்டு வைத்திருப்பவருக்கு, மேற்படி 4 ஆயிரத்துக்காக வாரம் 16 பவுண்டு. ஆண்டுக்கு 832! எந்த பாங்கி இப்படி வட்டி தருகிறது என்று கேட்கக்கூடாது.

விலைவாசி எவ்வளவோ ஏறிவிட்டது. இந்த எல்லைகள் மட்டும் 2010-க்குப் பிறகு 15 ஆண்டுகள் கழிந்தும் ஏறவில்லை.

வீடு தப்புமா?

வீட்டில் இருந்தபடியே பணிவிடை பெற்றால், குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதியோர் இல்லத்துக்கு நிரந்தரமாகப் போனால்தான் வினை. சேமிப்பு குறைவாக உள்ளவருக்கு 12 வாரம் பொறுப்பார்கள். பிறகு வீட்டு மதிப்பும் சேர்ந்துவிடும். அப்புறம் 23,250 எந்த மூலைக்கு?

கணவனோ மனைவியோ அங்கே வசித்தால் வீடு தப்பும். 60 வயதான உறவினர் வசித்தாலும் தப்பும். தனியாக இருக்கும் விதவைக் கிழவிதான் மாட்டிக்கொள்வாள். மும்பையில் குமாஸ்தா வேலை பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஊரில் வீடு கட்டியவர்களுக்கு அவள் வயிற்றெரிச்சல் புரியும்.

உடனே விற்றாக வேண்டும் என்பதில்லை. வீட்டை ஈடாக வைத்துக் கவுன்சில் பாக்கி எழுதிக்கொள்ளும். வட்டி உண்டு. அவள் காலத்துக்குப் பிறகு வசூல் ஆகும்.

மகன் பேருக்கு முன்பே எழுதிவைத்தால்? கட்டணத்துக்குப் பயந்து எழுதியது என்று கவுன்சில் முடிவு செய்தால், வீடு இன்னும் தாயிடமே இருப்பதாகக் கணக்குப் போடும்.

ஆனால் மகனின் சம்பளத்தைத் தொடாது. நம் நாட்டில் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோரைக் கவனிக்காத பிள்ளையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அங்கே பொறுப்பு பிள்ளைக்கு இல்லை, வீட்டுக்குத்தான்!

ஏட்டுச் சுரைக்காய்

ஆயுள் முழுவதும் ஒருவர் இவ்வளவுதான் கட்டலாம் என்று உச்சவரம்பு வைக்கும்படி, 2011-ல் ஆண்ட்ரூ டில்நாட் கமிஷன் சிபாரிசு செய்தது. 2014-ல் சட்டமும் வந்தது. 2016-ல் அமலாகும் என்றார்கள், தள்ளிப்போனது. 86 ஆயிரம் பவுண்டு வரம்பு 2023-ல் வரும் என்றார்கள். பிறகு 2025 என்றார்கள். 2024 ஜூலையில் புதிய அரசு அதைக் கைவிட்டது.

பக்கத்தில் உள்ள ஸ்காட்லாந்தில், 65 வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிட 2002 முதல் கட்டணம் இல்லை. முதியோர் இல்லத்தில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் அங்கேயும் வசதியைப் பார்த்துப் பணம் கேட்பார்கள்.