வீட்டு ஒலியமைப்பு ஆர்வம்

வீட்டு ஒலியமைப்பு ஆர்வம் என்பது பதிவு செய்யப்பட்ட இசையை வீட்டில் நல்ல தரத்துடன் கேட்கும் பொருட்டு இசைத்தட்டு இயக்கி, மிகைப்பி, ஒலிபெருக்கிப் பெட்டி முதலிய கருவிகளைத் தெரிந்தெடுத்து, இணைத்து, படிப்படியாக மேம்படுத்தும் பொழுதுபோக்கு ஆகும். மிகைப்பி பேச்சு வழக்கில் ஆம்ப்ளிஃபயர் என்றும், முழு அமைப்பு செட் என்றும் வழங்கப்படுகின்றன. இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல், மேம்படுத்துதல் எந்த இடத்தில் முடிவடைய வேண்டும் என்பதாகும். இக்கட்டுரை இத்துறையின் வரலாற்றையும் அறிவியல் அடிப்படையையும், கிடைத்த ஒலியில் நிறைவு காண்பது பற்றிய கருத்துகளையும், புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதி போன்ற சிற்றூர்ச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் கருவியைத் தாமசு எடிசன் 1877 ஆம் ஆண்டில் உருவாக்கினார். தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறையை எமில் பெர்லினர் 1887 இல் அறிமுகப்படுத்தினார். இந்தியாவில் 1902 இல் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகள் தொடங்கின. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளின் 10 அங்குல வகையில் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியது. 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு நடைமுறைக்கு வந்தது. 1948 இல் நெடுநேர இசைத்தட்டும், 1963 இல் ஒலிநாடாப் பேழையும், 1982 இல் குறுந்தகடும் வெளிவந்தன.

பொன்னமராவதியை அடுத்துள்ள செட்டிநாட்டுப் பகுதிக்கு இசைத்தட்டு வணிகத்தில் தனியிடம் உண்டு. பின்னாளில் திரைப்படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியில் தம் குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்றவர். அவர் 1932 இல் சென்னையில் சரசுவதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஓடியன் முத்திரையில் இசைத்தட்டுகளை வெளியிட்டார். நாதசுவரக் கலைஞர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை, கே. பி. சுந்தராம்பாள், எம். கே. தியாகராஜ பாகவதர் ஆகியோரின் இசை, இத்தகைய தட்டுகள் வழியாகவே கச்சேரிக்குச் செல்ல இயலாதவர்களையும் அடைந்தது.

கிராமபோன் வாங்க வசதியற்றோருக்கு வானொலி துணையாயிற்று. அகில இந்திய வானொலியின் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. பின்னர் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் தென் தமிழகத்தில் பெருமளவு கேட்கப்பட்டது. இரைச்சலும் மங்கலும் கலந்த மத்திய அலை ஒலிபரப்பில் கேட்ட பாடல்களே அத்தலைமுறையினர் பலருக்கு இன்றளவும் நெஞ்சில் நிற்கின்றன. ஒலித்தரமும் கேட்பின்பமும் எப்போதும் ஒரே அளவில் இணைந்து செல்வதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

சிற்றூர்களில் செட்

1970கள் முதல் தமிழகச் சிற்றூர்களில் கடைகளில் முழுமையாக விற்கப்பட்ட கருவிகளைவிட, உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் பொருத்தித் தரும் அசெம்பிள் செட்டுகளே பரவலாக இருந்தன. இவற்றிற்கான உதிரிப் பாகங்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலிருந்து தருவிக்கப்பட்டன. எல்ஏ 4440, டிடிஏ 2030 ஆகிய ஒருங்கிணைந்த சுற்றுகள் இவ்வகையில் மிகவும் அறியப்பட்டவை. எல்ஏ 4440 சுற்று 12 வோல்ட்டு மின்கலத்திலும் இயங்கக்கூடியது. ஆகவே மின்வெட்டு மிகுந்த காலங்களில் இது பெரிதும் பயன்பட்டது.

ஒலிபெருக்கியை மண்பானையின் வாயில் பொருத்தும் பானை ஸ்பீக்கர் முறையும் தையற்கடைகளிலும் இளைஞர்களின் அறைகளிலும் காணப்பட்டது. இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்பக்கக் காற்று அழுத்தம் பெறுகிறது. அதே நேரத்தில் பின்பக்க அழுத்தம் குறைகிறது. இவ்விரு அலைகளும் கலந்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். பானை பின்பக்க அலையை அடைத்துவிடுவதால் இவ்வழிவு தடுக்கப்படுகிறது. பானைக்கு இணைச் சுவர்கள் இல்லாதது கூடுதல் நன்மையாகும். எனினும் பானைக்குள் உள்ள காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு அடைவதால் சில சுரங்கள் மட்டும் மிகையாக முழங்கும். பானைக்குள் பஞ்சு வைப்பது இம்முழக்கத்தைக் குறைக்கும். விலை உயர்ந்த மரப்பெட்டிகளின் உட்புறம் பஞ்சு அல்லது இழைப்பொருள் வைக்கப்படுவதும் பெட்டிக்குள் எழும் தேவையற்ற அதிர்வுகளை அடக்குவதற்கே ஆகும்.

எத்தனை வாட்டு தேவை?

மிகைப்பியின் திறன் குறித்துப் பரவலான தவறான எண்ணம் உள்ளது. திறனை இருமடங்காக்கினால் ஒலி இருமடங்காகக் கேட்பதில்லை. 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. ஓசை இருமடங்கானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் உயர்வு, அதாவது பத்து மடங்கு திறன் தேவைப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் ஒலி தரும் ஒலிபெருக்கியைக் கருதலாம். இரண்டரை மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 80 டெசிபலாகக் குறையும். இயல்பான உரையாடல் 60 டெசிபல் அளவினது. எனவே சராசரியாக 75 டெசிபலில் இசை கேட்பவர் மூன்றில் ஒரு வாட்டையே பயன்படுத்துகிறார். மிருதங்கம், தவில் போன்றவற்றின் திடீர் முழக்கங்கள் சராசரியைவிட 15 டெசிபல் உயர்ந்தாலும் 10 வாட்டு போதுமானது. ஆயிரக்கணக்கான வாட்டு என்று அச்சிட்டு விற்கப்படும் சில மலிவுக் கருவிகளின் எண்கள், தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறனைக் குறிப்பவை அல்ல.

அறையின் பங்கு

கேட்கும் ஒலியில் கருவிக்கு நிகரான பங்கு அறைக்கும் உண்டு. பொன்னமராவதியைச் சூழ்ந்துள்ள மேலைச்சிவபுரி முதலிய நகரத்தார் ஊர்களின் பழைய வீடுகளில் வழவழப்பான சுண்ணச் சுவர்களும், ஆத்தங்குடிக் கற்கள் போன்ற கடினமான தரைகளும் காணப்படுகின்றன. இவை ஒலியை உறிஞ்சாமல் எதிரொலிப்பவை. மாறாக, திறந்த முற்றம் ஒலியை வெளியேற்றிவிடுகிறது. முற்றத்தை நோக்கிய தாழ்வாரத்தில் தெளிவாகக் கேட்கும் பாடல், அதே வீட்டின் மூடிய அறையில் கலங்கிக் கேட்பது இதனாலேயே ஆகும். கற்காரைக் கூரையும் பளிங்குத் தரையும் கொண்ட புதிய வீடுகளில் இச்சிக்கல் மேலும் கூடுதலாகும். சமுக்காளம், பஞ்சு மெத்தை, தடித்த திரைச்சீலை, நூல் அடுக்கிய அலமாரி ஆகியவை இதனைக் குறைக்கும்.

தாழ்ந்த அதிர்வெண்களில் அறையின் நீளமே முக்கியமாகிறது. 32 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஆகும். ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் ஒலி ஒருமுறை சென்று திரும்பும் தொலைவு 10 மீட்டர் என்பதால், 35 ஏர்ட்சு அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் நிலையலைகள் தோன்றும். இதனால் ஓரிடத்தில் முழங்கும் சுரம் மற்றோரிடத்தில் மறைந்துவிடுகிறது. ஒலிப்பெட்டியை மூலையிலிருந்து சற்று விலக்குவதும், கேட்பவர் சுவரை ஒட்டி அமராமல் இருப்பதும் செலவில்லாத தீர்வுகளாகும். ஈரொலித்தட அமைப்பில் இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமைவது நன்று.

மின்விசிறியும் கணக்கில் கொள்ள வேண்டியதாகும். வேகமாகச் சுழலும் கூரை விசிறி 45 முதல் 50 டெசிபல் வரை ஓசை எழுப்பலாம். குறுந்தகடு கோட்பாட்டளவில் 96 டெசிபல் ஒலி வேறுபாட்டைத் தாங்கக்கூடியது. எனினும் விசிறி சுழலும் அறையில் 90 டெசிபல் உச்சத்துடன் கேட்பவருக்கு அதில் ஏறத்தாழ பாதியே பயன்படுகிறது. கோடையில் விசிறியை நிறுத்துவதும் இயலாது. ஆகவே இத்தகைய அறையில் மேலும் விலை உயர்ந்த குறுந்தகடு இயக்கி வாங்குவதால் விளையும் பயன் குறைவு.

செவியின் எல்லைகள்

இளம் வயதில் மனிதச் செவி 20 முதல் 20,000 ஏர்ட்சு வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைகிறது. பலருக்கு விலை உயர்ந்த கருவி வாங்கும் பொருளாதார நிலை அமையும்போது, அக்கருவி தரும் மிக உயர்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் குன்றியிருக்கும். மேலும், தாழ்ந்த ஓசையளவில் செவி தாழ்சுரங்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை 1933 இல் பிளெட்சர், மன்சன் ஆகியோர் அளந்து காட்டினர். இரவில் மெதுவாகக் கேட்கும்போது செட்டில் அடித்தளம் இல்லை என்று தோன்றுவதற்குக் கருவியின் குறை காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் எனில் 4 மணி நேரமே. செவியின் உட்பகுதியில் உள்ள மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. கருவியை மாற்றலாம், செவியை மாற்ற இயலாது என்பதால் ஓசையளவைக் கட்டுப்படுத்துவது இப்பொழுதுபோக்கின் அடிப்படைக் கடமையாகும். இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000 குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும் எல்லையாக வகுத்துள்ளன.

நிறைவு காணல்

ஒரு கருவியை மாற்றியவுடன் அடுத்த கருவி குறையுடையதாகத் தோன்றுவது ஒலியமைப்பு ஆர்வலர்களிடம் பொதுவாகக் காணப்படும் இயல்பு. பிரெஞ்சு அறிஞர் டெனி டிடரோ, புதிய மேலங்கி ஒன்று தம் பழைய அறைகலன்கள் அனைத்தையும் மங்கச் செய்ததைப் பற்றி 1769 இல் எழுதினார். ஒரு புதிய பொருள் வேறு பல பொருள்களை வாங்கத் தூண்டுவது இதனையொட்டி டிடரோ விளைவு எனப்படுகிறது. பொருளியல் அறிஞர் எர்பர்ட்டு சைமன், எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடிக் கொண்டிருப்பதற்கு மாற்றாக, தேவையை முன்கூட்டியே வரையறுத்து அதனை நிறைவு செய்யும் முதல் தெரிவை ஏற்கும் முறையை விளக்கினார். வீட்டு ஒலியமைப்புக்கு இம்முறை பொருந்தும்.

கருவிகளுக்கிடையே உள்ளதாகக் கூறப்படும் வேறுபாடுகள் பல, எக்கருவி ஒலிக்கிறது என்பதை மறைத்துச் சோதிக்கும்போது மறைந்துவிடுகின்றன. 2007 இல் மேயர், மொரான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், உயர் நுண்மைத் தட்டின் ஒலியையும் அதுவே குறுந்தகட்டுத் தரத்திற்குக் குறைக்கப்பட்ட ஒலியையும் கேட்டோரால் இயல்பான ஓசையளவில் பிரித்தறிய இயலவில்லை. மாறாக, ஒலிபெருக்கிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள் மறைவுச் சோதனையிலும் தெளிவாகப் புலப்படுகின்றன. எனவே செலவிட விரும்புவோர் கம்பிகளைவிட ஒலிபெருக்கிக்கும் அறைக்கும் முதலிடம் தருவது பொருத்தமாகும். ஒப்பிடும்போது இரு கருவிகளின் ஓசையளவையும் சமமாக வைப்பது இன்றியமையாதது. சற்றே உரக்க ஒலிக்கும் கருவி மேலானதாகத் தோன்றுவது செவியின் இயல்பாகும்.

கேட்கப்படும் இசையும் தேவையை வரையறுக்கிறது. பழைய தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றை ஒலித்தடத்தில் பதிவானவை. இவற்றிற்கு ஒரு நல்ல ஒலிபெருக்கியே போதுமானது. அரக்குத் தட்டுகளின் பதிவில் 5,000 ஏர்ட்சுக்கு மேல் இசையைவிட உராய்வு இரைச்சலே மிகுதியாக இருப்பது வழக்கம். மிக நுண்ணிய செட்டில் இவ்விரைச்சல் மேலும் துலங்கும். எளிய செட்டிலோ குரல் முன்நிற்கும். தாம் விரும்பும் இசைக்கு ஏற்பச் செட்டை அமைப்பவர் நிறைவடைகிறார். செட்டின் திறமையைக் காட்டுவதற்கென்றே இசை தேடுபவருக்கு அந்நிறைவு எளிதில் வாய்ப்பதில்லை.

சேகரிப்பும் பாதுகாப்பும்

கருவி மீதான நாட்டம் அடங்கிய பின்னர் ஆர்வலர் பலர் பதிவுகளைத் திரட்டுவதில் ஈடுபடுகின்றனர். சென்னையைச் சேர்ந்த இசை ஆய்வாளர் வி. ஏ. கே. ரங்காராவ் இசைத்தட்டுச் சேகரிப்பால் நன்கு அறியப்பட்டவர். தனியொருவரின் சேகரிப்பு பொதுச் சொத்தாக மாறியதற்குச் செட்டிநாட்டின் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா சிறந்த எடுத்துக்காட்டு ஆவார். 1992 இல் அவர் மறைந்த பின், அவர் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994 இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோடை வெப்பத்தில் நெடுநேர இசைத்தட்டுகள் எளிதில் வளைந்துவிடும். எனவே அவற்றைப் படுக்க வைத்து அடுக்காமல், நிழலில் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். அரக்குத் தட்டுகள் கீழே விழுந்தால் உடைபவை. அவற்றைச் சாராயம் கலந்த நீர்மங்களால் துடைத்தால் மேற்பரப்பு கரைந்துவிடும். ஒலிநாடாக்கள் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கோயில் விழா நாதசுவரம், உள்ளூர் நாடகம், குடும்ப முதியோரின் தாலாட்டு முதலியன பதிவான நாடாக்களுக்கு வேறு படி இருப்பது அரிது. இவற்றை எண்முறைக் கோப்புகளாக மாற்றி, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை உடன் எழுதி வைப்பதற்கு விலை உயர்ந்த செட் தேவையில்லை. நாடாவைச் சீராக இயக்கும் ஒரு பழைய கருவியும் ஒரு கணினியும் போதுமானவை.