மனக்காயம்: ஆலோசகரிடம் போனால் என்ன நடக்கும்?

சாலை விபத்தில் உயிர் தப்பி எட்டு மாதமாகியும் சிலருக்கு லோரி ஹார்ன் சத்தம் கேட்டால் கை நடுங்கும். குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவிடம் வளர்ந்த பிள்ளைக்கு, இருபது வயதிலும் யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் நெஞ்சு படபடக்கும். இதை வீட்டில் சொன்னால், "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். சில வீடுகளில் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள்.

மனத்தில் தெம்பு இல்லாததால் வருவதல்ல இது. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்தும் எச்சரிக்கை மணி ஒன்று மூளையில் உண்டு. ஆபத்து நீங்கியதும் அது ஓய்ந்துவிட வேண்டும். கடுமையான சம்பவத்துக்குப் பிறகு சிலருக்கு ஓய்வதில்லை. தூக்கம் கெடும், சம்பவம் கனவில் வரும், அது நடந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகத் தோன்றும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். இதைக் குறிக்கும் 'டிராமா' என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் காயம் என்று பொருள். 'மனம் புண்பட்டது' என்று நாம் சொல்வதும் அதைத்தான். ஆனாலும், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்தப் பாதிப்பைப் 'பிடிஎஸ்டி' என்ற பெயரில் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது இயல்பு. பலர் குடும்பத்தின் ஆதரவோடு தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் வேலை, படிப்பு, தூக்கம் பாதிக்கப்பட்டால் உதவி தேட வேண்டும். இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துக்க வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "என்ன ஆச்சு, எப்படி ஆச்சு" என்று கேட்டு, பாதிக்கப்பட்டவரை முதலிலிருந்து சொல்ல வைப்பது வழக்கமாகிவிட்டது. சம்பவம் நடந்த உடனேயே ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பேச வைப்பது பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பாடு, பாதுகாப்பான இடம், பக்கத்தில் ஓர் ஆள், அவர் பேச விரும்பினால் கேட்க ஒரு காது. முதலில் இவை போதும்.

ஆலோசகரும் எடுத்த எடுப்பில் பழையதைக் கிளறுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் சொன்ன மூன்று கட்டங்களைப் பலர் பின்பற்றுகிறார்கள். முதலில் பாதுகாப்பு: அடிக்கும் கணவன் இன்னும் அதே வீட்டில் இருந்தால் அதற்குத்தான் முதலில் வழி தேட வேண்டும். மூச்சை நிதானப்படுத்துவது, தூக்கத்தைச் சரிசெய்வது எல்லாம் இந்தக் கட்டத்தில் வரும். அடுத்து, நடந்ததைச் சிறிது சிறிதாக நினைவுகூர்ந்து, இழந்ததற்காக அழுவது. கடைசியில், விட்டுப்போன உறவுகளோடும் வேலையோடும் மறுபடி சேர்வது. நினைவுகளைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் தேவைப்படும். ஒரே தடவை போய்விட்டு "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று நிறுத்திவிடுவது சரியல்ல.

தோட்டத்தில் ஒரு வீட்டில் சொன்னது பொழுது சாய்வதற்குள் பத்து வீட்டுக்குப் போய்விடும். பலர் வாய் திறக்காததற்கு இதுவே காரணம். ஆலோசகருக்கோ ரகசியம் காப்பது தொழில்முறைக் கடமை. தனக்கோ பிறருக்கோ உயிராபத்து, சிறுவர் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவற்றில்தான் அதற்கு விலக்கு. மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் ஆலோசகராகத் தொழில் செய்யலாம். பெயருக்குப் பின்னால் 'கேபி, பிஏ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முகநூலில் "மூன்றே நாளில் மனப்பயம் போகும்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே சம்பவம் பல குடும்பங்களைத் தாக்கினால் என்ன ஆகும்? சயாம் மரண ரயில் பாதைதான் நமக்குத் தெரிந்த உதாரணம். 1942க்கும் 1943க்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் எழுதிய கல்லறைகூட இல்லை. கடிதம் இல்லை, உடல் இல்லை, இறந்த நாள் தெரியாது. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் பெண்கள் இருந்தார்கள். முடிவு தெரியாத இப்படிப்பட்ட இழப்பைத் தனி வகையாகவே வைத்து ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் போலின் பாஸ். அழுது தீர்க்க வேண்டிய கட்டம் இவர்களுக்கு வருவதே இல்லை. வீட்டில் பேசப்படாத துயரம் பிள்ளைகளிடம் காரணம் புரியாத பயமாகவும் கோபமாகவும் இறங்கலாம்.

நாள் தெரியாமல் இறந்தவர்களுக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்யும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாத்தாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவதும், பாட்டி சொன்ன கதையைப் பேரப்பிள்ளை எழுதிவைப்பதும், கூட்டாக நினைவுநாள் அனுசரிப்பதும் அந்த இரண்டாம் கட்டத்தின் வேலைகள்தான். கோயிலுக்குப் போகிறவர் ஆலோசகரிடமும் போகலாம்.

செலவைப் பொறுத்தவரை, குடிமக்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளியோடு தொடங்கலாம். மருத்துவரிடம் "தூக்கம் வரவில்லை" என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சம்பவத்திலிருந்து வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேவையானால் அவர் நிபுணரிடம் அனுப்புவார். மாத்திரை எழுதித் தருவது மருத்துவர்தான், ஆலோசகர் அல்ல. தமிழில் பேசுபவர் வேண்டுமென்றால் நேரம் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொன்னால் போலீஸ் வழக்கு வருமோ என்ற பயம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அந்த முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-76272929. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே எண் 15999.